மூன்று நூல், ஒரு முறுக்கு: மூலக்கூறுகளைக் கணக்குப்போட்டுப் பார்த்தவர்களின் கதை

போன நோன்பில் ஒரு நாள், மருதமுனையில் எங்கள் கூட்டாளி ஒருத்தியின் வீட்டுக்கு நோன்பு திறக்கப் போயிருந்தோம். கஞ்சி, சமோசா, ஈச்சம்பழம், சதுரமாக வெட்டி அடுக்கின கடற்பாசி எல்லாம் இருந்தது. கூடவே யாரோ கடையில் வாங்கி வந்த ஜெலிப் பக்கற் ஒன்றும் கிடந்தது. உம்மா அதைத் திருப்பி, சின்ன எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் படித்தார். "ஜெலட்டின் போட்டிரிக்கி. என்னத்துட ஜெலட்டின் எண்டு எழுதல்ல" என்று சொல்லி, பக்கற்றை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டார்.

கூட்டாளியின் ராத்தா சம்மாந்துறையில் விஞ்ஞானம் படித்து முடித்தவர். மருத்துவத்துக்கு இசட் ஸ்கோர் கொஞ்சம் காணாமல் போய் அந்தப் பக்கம் வந்தவர்; அதை ஊர் இன்னும் மறக்கவில்லை. அவர் கடற்பாசித் துண்டு ஒன்றை விரலால் அமத்திக்கொண்டு சொன்னார்: "இதுவும் ஜெலட்டினும் ஒரே வேலதான் செய்யுது. நீளமான மூலக்கூறு ஒண்டோடொண்டு முறுக்கிப் பின்னிக் கிடந்து தண்ணிய உள்ளுக்குப் பிடிச்சு வெச்சிக்கிது. எந்த நூல் எப்படி முறுக்குது எண்டுதான் வித்தியாசம்." அதைத்தான் மேற்கொண்டு படிக்கப் போகிறாராம். வெளிநாட்டில் பிஎச்.டி.; பாடம் மூலக்கூறு சிமுலேஷன். அதாவது, அணுக்களைக் கணினிக்குள் போட்டு, அவை ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன, தள்ளுகின்றன என்று கணக்குக் கொடுத்து, ஓடவிட்டுப் பார்ப்பது. அதுவும் கல், இரும்பு மாதிரிக் கடினமானவற்றை விட்டுவிட்டு ஜெலி, தோல், சவ்வு, புரதம் போன்ற மெதுவான பொருள்களில்.

(இந்த மெதுவான பொருள்களுக்குத் தமிழில் நேராகப் பேர் வைக்கப் போனால் 'மென்பொருள்' என்று வரும். அந்தச் சொல்லை சொஃப்ட்வெயார்காரர் எடுத்துக்கொண்டு போய் எவ்வளவோ காலம். இங்கே மென்பொருளை வைத்து மென்பொருளை ஆராய்கிறார்கள் என்று எழுதினால் எங்களையே பிடித்து அடிப்பீர்கள்.)

வாப்பா ரெண்டு கைத்தறி வைத்திருக்கிறவர். எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "டொக்டரும் இல்ல, டீச்சரும் இல்ல. அப்ப இது என்ன வேல புள்ள?" ராத்தா எங்களைப் பார்த்தார். "நீங்கதானே ஹிஸ்டரி படிக்கிற ஆக்கள். வாப்பாக்கு ஒரு கதையாச் சொல்லுங்களன்."

ஆர்ட்ஸ்காரருக்கு இது எதுக்கு என்று நீங்கள் கேட்கலாம். நாங்களும் கேட்டுக்கொண்டோம். ஆனால் ஒரு வேலை எங்கிருந்து வந்தது, யார் அதைச் செய்தார்கள், யாருக்கு அது கைக்கெட்டாமல் போனது என்று தேடுவது எங்கள் பாடம்தானே. தேடப் போனால், கதை நாங்கள் நினைத்த மாதிரி அமெரிக்காவில் தொடங்கவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம், மெட்ராசில் தொடங்குகிறது.

1952இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டார். துணைவேந்தர் ஏ. லக்ஷ்மணசுவாமி முதலியார் முதலில் கேட்டது சி.வி. ராமனை. அவர் தான் வராமல் தன் மாணவர் ஒருவரைக் கைகாட்டினார். ஜி.என். ராமச்சந்திரன்; எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்தவர், திருச்சி சென் ஜோசப் கல்லூரியில் படித்தவர், பெங்களூரிலும் கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்து திரும்பியவர். வயது முப்பது. கிண்டியில் எக்ஸ் கதிர் ஆய்வுகூடம் ஒன்றைப் போட்டுக்கொண்டு எதை ஆராயலாம் என்று தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் மெட்ராசுக்கு வந்த இங்கிலாந்து விஞ்ஞானி ஜே.டி. பேர்னால், கொலாஜனின் அமைப்பை இன்னும் ஒருத்தரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

கொலாஜன் என்பது எங்கள் உடம்பில் மிக அதிகமாக இருக்கிற புரதம். தோல், தசைநாண், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆட்டுக்கால் சூப்பை ஆறவைத்தால் மேலே கட்டியாகி ஆடுமே, அது கொலாஜன் சூட்டில் அவிழ்ந்து ஜெலட்டினாகி, ஆறும்போது அரைகுறையாகத் திரும்ப முறுக்கிக்கொண்ட கோலம். அலுமாரிக்கு மேலே போன பக்கற்றிலும் அதேதான்; எந்த மிருகத்தின் தோலில், எலும்பில் இருந்து வந்தது என்பதுதான் உம்மாவின் கேள்வி.

ராமச்சந்திரனுக்கு ஒரு வசதி இருந்தது. கிட்டத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே கொலாஜன் கிடைத்தது. நல்ல தெளிவான எக்ஸ் கதிர்ப் படம் தந்த மாதிரி எது தெரியுமா? கங்காருவின் வாலில் இருந்து எடுத்த தசைநாண். மெட்ராசில் கங்காரு வால்! அதை வைத்துக்கொண்டு அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் 'நேச்சர்' சஞ்சிகையில் தங்கள் விடையைப் போட்டார்கள்: கொலாஜன் மூன்று இழைகளால் ஆனது. அடுத்த வருடம் அதைத் திருத்தினார்கள். மூன்று இழைகளும் பக்கத்தில் பக்கத்தில் சும்மா நிற்கவில்லை, ஒன்றையொன்று சுற்றி முறுக்கியும் இருக்கின்றன. ஒவ்வொரு இழையும் தனியாக இடப்பக்கம் சுருளுகிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கம் முறுக்குகின்றன.

இதை வாப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "அது அப்படித்தான் இரிக்கணும். ஒத்த நூல ஒரு பக்கம் முறுக்கினா, சேர்க்கிற நேரம் மத்தப் பக்கம் முறுக்கணும். ஒரே பக்கம் முறுக்கினா விட்ட உடன அவிழ்ந்திரும். இதக் கண்டுபிடிக்கவா கங்காரு?" எங்களுக்குப் பதில் வரவில்லை. கயிறு திரிக்கிறவருக்கும் நூல் முறுக்குகிறவருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தைத்தான் உடம்பும் செய்துகொண்டிருக்கிறது. விஞ்ஞானியின் வேலை அது எந்தக் கணக்கில் நடக்கிறது என்று காட்டுவது. மூன்று இழைகள் நெருங்கிச் சுற்றும்போது நடுவில் இடம் மிகக் குறைவு. அமினோ அமிலங்களில் மிகச் சின்னதான கிளைசின் மட்டும்தான் அங்கே அடங்கும். அதனால்தான் கொலாஜனில் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின். நூலுக்கு அப்படி ஒரு நிபந்தனை கிடையாது.

இங்கேதான் சண்டை வந்தது. எங்களுக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதியும் இதுதான். கேம்பிரிட்ஜில் இருந்து பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் எழுதினார்கள். மூன்று இழை என்ற அடிப்படை சரி, ஆனால் மெட்ராஸ் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறிக் கிட்டக் கிட்ட நிற்கின்றன, அப்படி நிற்க முடியாது என்றார்கள். இழைகளுக்கு நடுவில் மூன்று அமினோ அமிலத்துக்கு இரண்டு ஐதரசன் பிணைப்பு என்று மெட்ராஸ் சொன்னது. அவர்கள் ஒன்றுதான் என்றார்கள். கிரிக் அப்போது டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்துப் பேர் வாங்கியிருந்தவர். அந்தப் பேரின் பாரத்துக்கு முன்னால் மெட்ராசின் குரல் எவ்வளவு எடுபட்டிருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். பல ஆண்டுகளுக்கு உலகம் கொலாஜனைப் பற்றிப் பேசும்போது மூன்று இழையை முதலில் சொன்னவர்களின் பேர் பின்னுக்குத்தான் போனது.

நேர்மையாகச் சொல்லவும் வேண்டும்: பிணைப்பு எத்தனை என்ற விஷயத்தில் கிரிக் பக்கம் நியாயம் இருந்தது. நாற்பது வருடத்துக்குப் பிறகு எடுத்த துல்லியமான படங்கள் அதைக் காட்டின. நம்மட ஆள் என்பதற்காக அதை மறைத்து எழுதுகிற வரலாறு எங்களுக்கு வேண்டாம். சொல்ல வருவது வேறு. அந்தக் குற்றச்சாட்டை ராமச்சந்திரன் எப்படி எடுத்தார் என்பது. 'கிட்ட நிற்க முடியாது' என்கிறீர்கள். சரி, எவ்வளவு கிட்டப் போகலாம்? இதை யாராவது அளந்து வைத்திருக்கிறார்களா? இல்லை. அதுவரை வெளியான பளிங்கு அமைப்புகளை எல்லாம் தேடி எடுத்து, எந்த அணு எந்த அணுவுக்கு எவ்வளவு கிட்ட வருகிறது என்று அவரும் மாணவர்களும் பட்டியல் போட்டார்கள்.

அந்தப் பட்டியலில் இருந்துதான் 1963இல் அந்தப் படம் பிறந்தது. ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூன்று பேரும் எழுதிய சின்னக் கட்டுரை. விஷயம் இதுதான்: புரதம் ஒரு சங்கிலி. அதன் ஒவ்வொரு வளையத்திலும் கதவுக் கீல் மாதிரி இரண்டு திருகும் இடங்கள். ஒன்றுக்கு ஃபை, மற்றதுக்கு சை என்று பேர். இரண்டையும் எப்படி வேண்டுமானாலும் திருப்பலாம் என்று தோன்றும். ஆனால் திருப்பித் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலான நிலைகளில் ஏதாவது இரண்டு அணுக்கள் முட்டிக்கொள்ளும். கல்முனை–கொழும்பு இரவு பஸ்ஸில் நடு வழியில் நிற்கிறவர் மாதிரி. கை கால் எல்லாம் திருப்ப உரிமை இருக்கு, இடம்தான் இல்லை. முட்டாத நிலைகளை மட்டும் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்டு போனால் சில சின்னத் தீவுகள் மிஞ்சும். தாளில் முக்கால்வாசிக்கு மேல் போகக்கூடாத கடல். இயற்கையில் உள்ள புரதங்கள் எல்லாம் கிட்டத்தட்ட அந்தத் தீவுகளுக்குள்தான் குடியிருக்கின்றன.

பெரிய கணினி இல்லாமல், மேசைக் கணிப்பான் வைத்துப் போட்ட கணக்கு. இன்றைக்கும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால், முதலில் 'ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துக் காட்டு' என்பார்கள். 2024இல் தன்னை உருவாக்கியவர்களுக்கு இரசாயனவியல் நோபல் பரிசில் பங்கு வாங்கிக் கொடுத்த ஆல்ஃபாஃபோல்ட் என்ற செயற்கை நுண்ணறிவு கணித்துத் தருகிற புரதங்களையும் அதே வரைபடத்தில் வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

இதுவரைக்கும் கதை எங்களுக்கு இனிப்பாகத்தான் இருந்தது. கையில் இருக்கிறதை வைத்துக்கொண்டு, மூளையைப் பாவித்து, கேம்பிரிட்ஜுக்கே பதில் சொன்ன மெட்ராஸ். ஆனால் அதோடு நிறுத்தினால் ராத்தாவுக்குப் பொய் சொன்ன மாதிரி ஆகும். ராமச்சந்திரனின் வரைபடம் அசையாத படம். எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக்கூடாது என்று மட்டும் அது சொல்லும். அணுக்கள் நிற்கிறதே இல்லை. அவற்றை ஓடவிட்டுப் பார்க்க மேசைக் கணிப்பான் காணாது.

ஓடவிட்டுப் பார்த்தவர் ஹைதராபாத்காரர். அனீசுர் ரஹ்மான், 1927இல் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்து, பெல்ஜியத்தில் லூவெய்ன் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்து, இந்தியாவுக்குத் திரும்பிப் படிப்பித்தார். பிறகு 1960இல் அமெரிக்காவில் சிக்காகோவுக்குக் கிட்ட இருக்கிற ஆர்கொன் தேசிய ஆய்வுகூடத்துக்குப் போய்விட்டார். ஏன் போனார் என்றால், அவர் கேட்ட கேள்விக்கு விடை சொல்லக்கூடிய மெஷின் அங்கேதான் இருந்தது.

கணினிக்குள் துகள்களைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் அவருக்கு முன்னமே இருந்தது. அமெரிக்காவில் லொஸ் அலமோசில், ஐதரசன் குண்டின் கணக்குக்காகக் கட்டின கணினிகளில், 1950களின் தொடக்கத்திலேயே இதைச் செய்தார்கள். (அந்த ஆரம்பக் கணக்குகளுக்கு நிரல் எழுதியவர்களில் அரியானா ரோசன்புளூத், மேரி சிங்கோ என்று இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களின் பேர் வெளியே வர அரை நூற்றாண்டு எடுத்தது.) அதற்குப் பிறகு ஆல்டரும் வெயின்ரைட்டும் பிலியர்ட்ஸ் பந்து மாதிரிக் கடினமான உருண்டைகளை முட்டவிட்டுப் பார்த்தார்கள். ரஹ்மான் செய்தது அதற்கு அடுத்த படி. உண்மையான ஒரு திரவத்தை, உண்மையான இழுப்பும் தள்ளலும் உள்ள அணுக்களால், கணினிக்குள் உண்டாக்கினார். 1964. 864 ஆர்கன் அணுக்கள். சீ.டி.சி. 3600 என்ற கணினி.

அது எப்படி நடக்கிறது என்பது சொல்ல லேசு. ஒவ்வொரு அணுவும் இப்போது எங்கே இருக்கிறது என்று தெரியும். பக்கத்து அணுக்கள் அதை எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளுகின்றன என்று கூட்டுவது. நியூட்டனின் விதிப்படி ஒரு சின்ன அடி நகர்த்துவது. திரும்பவும் கூட்டுவது, திரும்பவும் நகர்த்துவது. எவ்வளவு சின்ன அடி? ஒரு செக்கனைக் கோடித் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடித் துண்டாக வெட்டுங்கள். அதில் ஒன்று. தறியில் ஓடம் ஒரு தரம் போய் வருகிற நேரத்துக்குள் இப்படி எத்தனை அடி என்று கணக்குப்போட்டுப் பார்த்தோம், கொப்பியில் பூச்சியம் போட்டே கை வலித்தது.

1971இல் அவரும் ஃபிராங்க் ஸ்டிலிங்கரும் தண்ணீரை அப்படி ஓடவிட்டார்கள். 216 தண்ணீர் மூலக்கூறுகள். ஒரு துளியின் துளிகூட இல்லை, ஆனாலும் தண்ணீர் ஏன் தண்ணீர் மாதிரி நடந்துகொள்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்க முடிந்தது. 1977இல் மக்கமன், கெலின், காப்ளஸ் மூன்று பேரும் முதல் தடவையாக ஒரு புரதத்தை ஓடவிட்டார்கள். 58 அமினோ அமிலம் உள்ள சின்னப் புரதம், ஒரு செக்கனின் பத்தாயிரம் கோடியில் ஒரு பங்கைவிடக் குறைந்த நேரம். அதுவரை பாடப்புத்தகத்தில் கல் மாதிரி நின்ற புரதம், மூச்சு விடுகிற மாதிரி அசைந்துகொண்டே இருக்கிற ஒன்று என்று தெரிந்தது அப்போதுதான்.

2013இல் இந்தத் துறைக்கு இரசாயனவியல் நோபல் கிடைத்தது. காப்ளஸ், லெவிட், வார்ஷல். ரஹ்மான் 1987இலேயே காலமாகியிருந்தார்; ராமச்சந்திரன் 2001இல். போனவர்களுக்கு நோபல் கொடுப்பதில்லை. அமெரிக்கப் பௌதிகச் சங்கம் கணினிப் பௌதிகவியலுக்குக் கொடுக்கிற உயர் பரிசுக்கு ரஹ்மானின் பேரை வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் அந்தப் பேரைக் கேட்ட ஒருத்தரையும் நாங்கள் இதுவரை சந்திக்கவில்லை. இது பாடசாலைகளின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்கலாம். முஸ்லிம் விஞ்ஞானிகள் என்றால் இப்னு சீனாவோடும் இப்னு ஹைதமோடும் நிறுத்திவிடுகிற எங்கள் மீலாத் மேடைப் பேச்சுகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முந்தின பெருமை பேச லேசு. அறுபது வருடத்துக்கு முன்னால் ஒருத்தர் ஏன் விமானம் ஏறிப் போனார் என்று பேசத்தான் கஷ்டம்.

அந்தக் கேள்வியைத்தான் நாங்கள் இவ்வளவு நேரமும் சுற்றிக்கொண்டிருக்கிறோம். மெட்ராசில் இருந்தே செய்யக்கூடிய கணக்கு ஒன்று இருந்தது. ஆர்கொனுக்குப் போனால் மட்டுமே செய்யக்கூடிய கணக்கு ஒன்றும் இருந்தது. இன்றைக்கு அந்தக் கோடு எங்கே கிடக்கு? பாதி நகர்ந்துவிட்டது. நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் 1990களில் தொடங்கின குரோமாக்ஸ் என்ற நிரலை யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். புரத அமைப்புகளைச் சேர்த்து வைக்கிற புரோட்டீன் டேட்டா பேங்க் 1971இல் இருந்து இருக்கிறது, அதுவும் இலவசம். ராத்தாவின் பழைய லெப்டொப்பில் நாங்களே இருந்து பார்த்தோம். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாரும் முதலில் ஓட்டுவது லைசோசைம், முட்டை வெள்ளைக்கருவில் இருக்கிற புரதம். அதைத் தண்ணீர்ப் பெட்டிக்குள் வைத்து இரவு ஓடவிட்டோம். மின்விசிறி சத்தம் போட்டது, அடிப்பாகத்தில் கை வைக்க முடியாத சூடு, சுபஹுக்கு முன்னம் கரண்ட் போச்சு. பற்றரி எப்பவோ செத்தது. ஆனால் அந்த நிரல் இடைக்கிடை தன் கணக்கைச் சேமித்து வைக்கும், விட்ட இடத்தில் இருந்து பிடிக்கலாம் என்று ராத்தா சிரித்தார். திரையில் அந்தப் புரதம் அசைந்ததைப் பார்த்தபோது, எங்களில் ஒருத்தருக்கும் உயிரியல் தெரியாவிட்டாலும், கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

மற்றப் பாதி நகரவில்லை. ஒரு பெரிய சவ்வையோ ஜெலியையோ பயனுள்ள அளவு நேரம் ஓட்டிப் பார்க்க ஆயிரக்கணக்கான கணிப்பிகள் சேர்ந்த மெஷின் வேண்டும். அதைவிடப் பெரிய குறை, கேள்வி கேட்கப் பழக்குகிற ஆள். முருகப்பன் முத்துக்குமாரின் பாதை இதற்கு ஒரு உதாரணம். மெட்ராஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, சிக்காகோவில் கலாநிதிப் பட்டம், பிறகு கேம்பிரிட்ஜில் சாம் எட்வர்ட்ஸிடம், அதற்குப் பிறகு மசாசுசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் அம்ஹெர்ஸ்டில் பேராசிரியர். டி.என்.ஏ. மாதிரியான நீள மூலக்கூறு ஒன்று, ஊசிக்காது மாதிரிச் சின்ன ஓட்டைக்குள்ளால் எப்படி நூல் கோத்த மாதிரிப் போகிறது என்பதைக் கோட்பாட்டாலும் சிமுலேஷனாலும் ஆராய்ந்து ஒரு முழுப் புத்தகமே எழுதியவர். இந்த வேலைக்குப் பாதை பெரும்பாலும் இப்படித்தான்: ஒரு ஊரில் தொடங்கி, மூன்று நாலு நாடு தாண்டி, நாற்பதை நெருங்கும்போது ஒரு நிரந்தர நாற்காலி. வாப்பாவின் 'என்ன வேல' என்ற கேள்விக்கு இதுதான் நேரான பதில். சம்பளம் வரும், லேட்டாக வரும், வேறு ஊரில் வரும்.

ராத்தா எடுக்க நினைக்கிற தலைப்பு மீன் ஜெலட்டின். எங்கள் கரையில் மீன் வெட்டுகிற இடங்களில் தோலும் செதிலும் குவியலாக வீணாகப் போகிறது. அதில் கொலாஜன் இருக்கிறது, ஹலால் கேள்வியும் இல்லை. பிரச்சினை என்னவென்றால் மீன் ஜெலட்டின் பொதுவாக மாட்டு ஜெலட்டினைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். கொலாஜன் இழையை விறைப்பாக்குகிற புரோலின், ஐதரொக்சிபுரோலின் மீனில் குறைவு. குளிர் கடல் மீனில் இன்னும் குறைவு, எங்கள் மாதிரிச் சூட்டுக் கடல் மீனில் கொஞ்சம் பரவாயில்லை. எந்த இடத்தில் எதை மாற்றினால் முறுக்கு நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காய்ச்சிப் பார்ப்பதற்கு முன்னால் கணினிக்குள் ஓட்டிப் பார்க்கலாம். 1954இல் மெட்ராசில் கேட்ட கேள்வியின் பேத்தி மாதிரி ஒன்று.

இதை எல்லாம் மூன்று பின்னேரம் இருந்து வாப்பாவுக்குச் சொன்னோம். தறிக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து கேட்டார். கங்காரு வாலும் 864 அணுவும் அவருக்குப் பிடித்திருந்தது. கடைசி நாள் நாங்கள் எழும்பும்போது கேட்டார்: "அந்த மெட்ராஸ்காரர் கடைசி வரைக்கும் அங்கதானே இருந்தாரு?"

ஓம், பெங்களூருக்குப் போய் அங்கே மூலக்கூற்று உயிர்ப்பௌதிகத் துறையை உண்டாக்கினார், கடைசியில் சென்னையில்தான் மௌத்தானார் என்றோம்.

"ஹைதராபாத்காரர்?"

அவர் திரும்பவில்லை என்றோம். கடைசியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தார், அறுபது வயதாவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

வாப்பா ஒன்றும் சொல்லவில்லை. அறுந்து கிடந்த பாவு நூல் ஒன்றை எடுத்து முடிச்சுப் போட்டார். உள்ளே இருந்து ராத்தா, விண்ணப்ப முடிவுத் திகதி வெள்ளிக்கிழமை என்று யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டணம் எவ்வளவாம் எண்டு கேளு" என்றார் வாப்பா, எங்களைப் பார்க்காமல்.